கேராவின் ஆரஞ்சு உருண்டைக்குள்

கல்லூரியில் தாவரவியல் படித்தவர்களிடம் கேரா என்ற பசும்பாசியைச் சொன்னால் முதலில் ஒரு படம்தான் ஞாபகத்துக்கு வரும். மேலே ஐந்து செல்கள் முறுக்கிச் சுற்றிய ஊகோனியம் என்ற பெண் உறுப்பு, அதன் கீழே உருண்டையாக ஆந்திரிடியம் என்ற ஆண் உறுப்பு. உருண்டையின் சுவரில் கேடயச் செல்கள், உள்ளே இழைகள். பாகங்களைக் குறித்து, கொஞ்சம் ஆரஞ்சு வண்ணமும் தீட்டிவிட்டால் முழு மதிப்பெண். அந்த இழைகளின் ஒவ்வொரு செல்லிலிருந்தும் ஒரு விந்தணு உருவாகிறது என்று ஒரு வரி வரும். அதோடு பாடம் கருவுறுதலுக்குப் போய்விடும்.

எனக்கு அந்த ஒரு வரியை விட மனமில்லை. பல வருடமாகத் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். பசும்பாசிகளில் விந்தணு உருவாகும் விதம், பாகங்களைக் குறிப்பதைவிடப் பல மடங்கு சுவாரசியமான விஷயம் என்று ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் சொல்லிப் பார்க்கிறேன். பாடவேளை முடிந்துவிடும். இங்கே மணி அடிக்காது என்பதால் நிதானமாகவே எழுதுகிறேன்.

முதலில் செடியைப் பார்த்துவிடலாம். கேரா ஒரு பசும்பாசி. தெளிந்த, ஆழமில்லாத, ஓட்டமில்லாத நீரில் வளரும். ஏரியோரங்களிலும், நீர் தேங்கி நிற்கும் நெல்வயல்களிலும் பார்க்கலாம். வழுவழுப்பான பாசியை எதிர்பார்த்துக் கையில் எடுப்பவர்களுக்கு ஆச்சரியம்தான். உடம்பெல்லாம் சுண்ணாம்பு படிந்து சொரசொரவென்று இருக்கும், கசக்கினால் பூண்டு வாடை அடிக்கும். கணுவும் கணுவிடையும் தெளிவாகத் தெரியும், ஒவ்வொரு கணுவிலும் ஒரு சுற்று குட்டைக் கிளைகள். கணுவிடையில் இருக்கும் நீளமான செல் ஒற்றைச் செல். பல சென்டிமீட்டர் நீளம் வளரக்கூடியது. அதற்குள் சைட்டோபிளாசம் வினாடிக்கு 50 முதல் 100 மைக்ரோமீட்டர் வேகத்தில் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும். சாதாரணப் பள்ளி நுண்ணோக்கியிலேயே அந்த ஓட்டம் தெரியும். அந்த ராட்சதச் செல்லில் உட்கரு ஒன்றல்ல, ஏராளம். முதலில் இருந்த உட்கரு மைட்டாசிஸ் என்ற ஒழுங்கான செல்பகுப்பு எதுவும் இல்லாமல், துண்டு துண்டாகப் பிரிந்துகொண்டே போனதன் விளைவு அது. இதை மறந்துவிட வேண்டாம். ஒரே செடியின் இன்னொரு மூலையில் இதற்கு நேர்மாறான ஒழுங்கைப் பார்க்கப்போகிறோம்.

ஆந்திரிடியம் குட்டைக்கிளையின் கணுவில், உள்பக்கமாக இருக்கும் ஒரு செல்லிலிருந்து தொடங்குகிறது. அந்தச் செல் கீழே காம்புக்கான செல்லைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மேலே உருண்டையாகிறது. உருண்டை செங்குத்தாக இரண்டு முறை, கிடையாக ஒரு முறை பிரிந்து எட்டு செல்களாகிறது. அப்புறம் அந்த எட்டில் ஒவ்வொன்றும் வெளியிலிருந்து உள்ளாக மூன்று அடுக்குகளாகப் பிரிகிறது. வெளியே கேடயச் செல், நடுவே மனூப்ரியம் என்ற நீண்ட செல், மையத்தில் தலைச்செல். விரித்து வைத்த ஒரு குடையை நினைத்துக்கொள்ளுங்கள். கேடயச் செல் குடைத்துணி, மனூப்ரியம் காம்பு. அப்படி எட்டுக் குடைகளின் காம்புகள் ஒரே மையத்தில் கூடினால் வெளிப்புறம் ஒரு முழு உருண்டையாகிவிடும். கேடயச் செல்கள் அகலமாக வளர வளர உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. அந்த இடத்துக்குள் தலைச்செல்களிலிருந்து விந்தணு இழைகள் வளர்ந்து சுருண்டு நிறைகின்றன. முற்றும்போது கேடயச் செல்களில் கரோட்டினாய்டு நிறமிகள் சேர்ந்து உருண்டை ஆரஞ்சு நிறமாகிறது. அரை மில்லிமீட்டர்தான் இருக்கும் என்றாலும் வெறும் கண்ணுக்கே தெரியும்.

கேராவில் ஊகோனியமும் இந்த ஆந்திரிடியத்தின் அடிக்கணுவிலிருந்தே கிளம்புகிறது. இந்த வளர்ச்சியை ஒவ்வொரு செல்பகுப்பாகப் பின்தொடர்ந்து வரைந்தவர்களில் ஒருவர் சென்னையைச் சேர்ந்தவர். இலங்கையின் பெயரைத் தாங்கிய கேரா ஸெய்லானிகா இனத்தின் வளர்ச்சியைப் பற்றி வி.எஸ். சுந்தரலிங்கம் 1954ல் விரிவான கட்டுரை வெளியிட்டார். 1962ல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட கேராவகைப் பாசிகள் பற்றிய பெரிய நூலின் ஆசிரியர்களிலும் அவர் ஒருவர். நம்மூர்ப் பாசியை நம்மூரிலேயே உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்பதை மாணவர்களிடம் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். அவர்களும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சரி, இழைக்கு வருவோம். மையத்தில் இருக்கும் எட்டுத் தலைச்செல்களும் பெரும்பாலும் ஆறாறு துணைத் தலைச்செல்களைக் கொடுக்கும். ஒவ்வொரு துணைச்செல்லிலிருந்தும் இரண்டு முதல் நான்கு இழைகள் வரை கிளம்பும். ஆக, ஓர் ஆந்திரிடியத்துக்குள் ஏறத்தாழ 100 முதல் 200 இழைகள். ஒவ்வோர் இழையும் ஒற்றைச் செல்லாகத் தொடங்குகிறது. அது 2, 4, 8, 16, 32 என்று பெருகுகிறது. கேரா வல்காரிஸ் இனத்தில் வழக்கமாக 64ல் நிற்கும். வேறு சில இனங்களில் ஓர் இழையில் 200 செல்களையும் தாண்டும். செல்லுக்கு ஒரு விந்தணு என்று கணக்குப் போட்டால், அந்த அரை மில்லிமீட்டர் உருண்டைக்குள் இனத்தைப் பொறுத்து சில ஆயிரத்திலிருந்து பல பத்தாயிரம் விந்தணுக்கள் வரை உருவாகின்றன.

இந்தப் பகுப்புகள் எல்லாமே மைட்டாசிஸ். மாணவர்கள் தடுமாறும் இடம் இதுதான். விந்தணு என்றவுடன் மனிதனை நினைத்துக்கொண்டு, குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பு எங்கே என்று தேடுகிறார்கள். கேராவில் அதற்கு வேலையே இல்லை. செடி முழுவதும் ஏற்கெனவே ஒற்றைத் தொகுதி குரோமோசோம்களோடுதான் இருக்கிறது. கேரா இனங்களில் அது 14 ஆகவோ அதன் மடங்காகவோ இருக்கும். இரட்டைத் தொகுதி இருப்பது கருவுற்ற முட்டையில் மட்டும். அந்த முட்டை முளைக்கும்போதுதான் குன்றல் பகுப்பு நடக்கிறது. எனவே விந்தணு உருவாகும்போது பாதியாகக் குறைக்க எதுவும் இல்லை. அப்படியானால் விந்தணுவை விந்தணு ஆக்குவது எது? குரோமோசோம் கணக்கு அல்ல என்று தெரிந்த பிறகு இந்தக் கேள்வி கூர்மையாகிறது.

பதிலின் ஒரு பகுதியைச் சாதாரண நுண்ணோக்கியிலேயே பார்க்கலாம். ஆரஞ்சு ஏறத் தொடங்கும் ஓர் ஆந்திரிடியத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டு அசிட்டோகார்மைன் சாயம் விட்டு, மூடுதகட்டை மெல்ல அழுத்த வேண்டும். உருண்டை பிரிந்து இழைகள் நாலாபக்கமும் சிதறும். கார்மைன் ஏறியதும் உட்கருக்கள் கருஞ்சிவப்பாகத் தெரியும். ஓர் இழையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துக்கொண்டு போங்கள். முதல் செல்லில் குரோமோசோம்கள் நடுத்தளத்தில் வரிசையாக நின்றால், அடுத்ததிலும் அப்படியே, அதற்கு அடுத்ததிலும் அப்படியே, கடைசி வரை அப்படியே. பக்கத்தில் கிடக்கும் இன்னோர் இழையில் எல்லாச் செல்களிலும் குரோமோசோம்கள் இரு முனைகளுக்கும் விலகிக்கொண்டிருக்கும். மூன்றாவது இழையில் எதுவும் நடக்காது, எல்லா உட்கருவும் ஓய்வில் இருக்கும். ஓர் இழைக்குள் கலப்பே இருக்காது. இதை முதன்முறை பார்த்தபோது தகட்டை நகர்த்தி நகர்த்தி விலகி நிற்கும் ஒரு செல்லைத் தேடினேன். கிடைக்கவில்லை. இந்த ஒத்திசைவுக்காகவே கேராவின் குரோமோசோம்களை எண்ணுபவர்கள் ஆந்திரிடிய இழைகளைத்தான் எடுக்கிறார்கள்.

இந்த ஒத்திசைவு எங்கிருந்து வருகிறது? இழையின் செல்களுக்கு இடையே பிளாஸ்மோடெஸ்மாட்டா என்ற நுண்ணிய துளைப்பாதைகள் உண்டு. அவை திறந்திருக்கும்வரை ஒரு செல்லின் சைட்டோபிளாசம் அடுத்ததன் சைட்டோபிளாசத்தோடு தொடர்பில் இருக்கிறது. ஒரே சமிக்ஞை எல்லாச் செல்லுக்கும் போய்ச் சேர்கிறது. போலந்தின் வூச் பல்கலைக்கழகத்தில் மரியா க்வியாட்கோவ்ஸ்காவும் அவருடைய சகாக்களும் இதைப் பல பத்தாண்டுகள் விடாமல் ஆராய்ந்தார்கள். இழை வளரும்போது எந்தத் துளைப்பாதை திறந்திருக்கிறது, எது அடைபடுகிறது, எது அறுபடுகிறது என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கட்டம் கட்டமாகப் பின்தொடர்ந்தார்கள். அவர்கள் கண்டது இதுதான். ஆந்திரிடியம் தன் அடிச்செல் வழியாகத் தாய்ச்செடியோடு தொடர்பில் இருக்கும்வரை இழைச்செல்கள் பிரிந்துகொண்டே இருக்கின்றன. அந்தத் தொடர்பு அறுபட்டதும் பகுப்பு நின்று, செல்கள் விந்தணுவாக மாறத் தொடங்குகின்றன. இதைச் செயற்கையாகச் செய்தும் பார்த்தார்கள். அடர்த்தியான கரைசலில் வைத்துச் செல்களைச் சுருங்கச் செய்தால் துளைப்பாதைகள் முன்கூட்டியே அறுபடும். அப்படி அறுத்தபோது இழைகள் தங்கள் வழக்கமான எண்ணிக்கையை எட்டுவதற்கு முன்பே பகுப்பை முடித்துக்கொண்டன.

இந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு செல் எத்தனை முறை பிரியும் என்பதை அந்தச் செல்லே எண்ணி வைத்துக்கொள்கிறது என்று நினைப்பது நமக்கு எளிது. கேராவில் அந்தக் கணக்கில் ஒரு பங்கு செல்லுக்கு வெளியே, அண்டைச் செல்லோடு உள்ள தொடர்பில் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. பிரிந்துகொண்டிருக்கும் இழைச்செல்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. மற்ற செல்களில் பகுப்பு முடிந்ததும், டிஎன்ஏ இரட்டிப்பதற்கு முன், வளர்வதற்கென்று ஓர் இடைவேளை வரும். இழைச்செல்களில் அந்த இடைவேளையே இல்லை. பகுப்பு முடிந்த கையோடு டிஎன்ஏ இரட்டிக்கத் தொடங்கிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் செல் சிறுத்துக்கொண்டே போய்க் கடைசியில் தட்டையான சில்லுகளாகிறது. கடைசிப் பகுப்புக்குப் பிறகு டிஎன்ஏ இரட்டிப்பதும் நின்றுவிடுகிறது. இதே சமயத்தில் பக்கத்தில் இருக்கும் மனூப்ரியம் நேர்மாறாக நடந்துகொள்கிறது. அது பிரிவதே இல்லை, ஆனால் டிஎன்ஏவை மட்டும் பல மடங்கு பெருக்கிக்கொண்டு பருக்கிறது. ஒரு மூதாதைச் செல்லின் வாரிசுகளில் ஒன்று பெருத்துக்கொண்டே போக, இன்னொன்று சிறுத்துக்கொண்டே போகிறது.

கடைசிப் பகுப்பு முடிந்தபின் நடப்பதுதான் உண்மையான உருமாற்றம். அதற்கான தயாரிப்பு முன்பே தொடங்கிவிடுகிறது. கேராவின் உடல் செல்களில் சென்ட்ரியோல் என்ற நுண்ணிய உறுப்பு கிடையாது. ஆனால் ஆந்திரிடிய இழைச்செல்களில் அவை தோன்றுகின்றன. 1960களின் பின்பகுதியில் ஜெரமி பிக்கெட்-ஹீப்ஸ் என்ற ஆய்வாளர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இதைக் காட்டினார். செடியின் வேறெந்த இடத்திலும் தேவைப்படாத உறுப்பு ஆண் செல்லில் மட்டும் தோன்றுவதற்குக் காரணம், நீந்த உதவும் சாட்டை போன்ற கசையிழைகளை முளைக்கவைக்க அடித்தளம் வேண்டும் என்பதே. அந்தச் சென்ட்ரியோல்களே அடித்தளமாகி, அவற்றிலிருந்து இரண்டு கசையிழைகள் நீள்கின்றன. செல் இன்னும் தன் சுவருக்குள்ளேயே அடைபட்டிருக்கும்போதே இது நடக்கிறது.

கூடவே நுண்குழல்கள் பக்கம் பக்கமாக அடுக்கி ஒரு பட்டையாகின்றன. உட்கரு அந்தப் பட்டையை ஒட்டிக்கொண்டு நீளத் தொடங்குகிறது. வட்டமாக இருந்த உட்கரு நீண்டு, வளைந்து, சுருளாகிறது. அதற்குள் குரோமோசோம் பொருள் முதலில் இழையிழையாகத் திரண்டு, பிறகு இறுகி, கடைசியில் இருண்ட ஒரே திண்மமாகிவிடுகிறது. இவ்வளவு இறுகுவதற்கு டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்கள் விலகி, புரோட்டமின் வகைப் புரதங்கள் அந்த இடத்துக்கு வருகின்றன. மீன், மனிதன் உட்படப் பல விலங்குகளின் விந்தணுவிலும் நடப்பது இதே வகை மாற்றம். நமக்கும் கேராவுக்கும் பொதுவான மூதாதை 100 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. அப்படியிருந்தும், டிஎன்ஏவைச் சின்ன இடத்தில் பாதுகாப்பாக மடித்து வைக்க இரண்டு பரம்பரைகளும் ஒரே வகைத் தீர்வைப் பயன்படுத்துகின்றன.

உருமாற்றம் முடிகிறபோது சைட்டோபிளாசத்தின் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். மிஞ்சுவதில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. டேனிஷ் ஆய்வாளர் ஓய்விண்ட் மோஸ்ட்ரப் 1970ல் கேரா கோரலினாவின் முற்றிய விந்தணுவை இன்ச் இன்ச்சாகப் படம்பிடித்து எழுதினார். முன்பகுதியில் சுமார் 30 மைட்டோகாண்ட்ரியா ஒற்றை வரிசையில் நிற்கின்றன. நடுவே சுருண்ட உட்கரு. பின்பகுதியில் மாவுச்சத்து நிறைந்த சில கணிகங்கள். முன்முனைக்குச் சற்றுப் பின்னாலிருந்து இரண்டு கசையிழைகள், அவற்றின் மேல் மிக நுண்ணிய செதில்கள். ஆற்றல் தருவது முன்னால், பரம்பரைச் செய்தி நடுவில், உணவுக் கையிருப்பு பின்னால். நீந்தத் தேவையில்லாத எதுவும் இந்த உடலில் தங்கவில்லை.

வெளியேறுவது எளிய வேலை. கேடயச் செல்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி உருண்டை திறந்துகொள்கிறது, இழைகள் நீருக்கு வெளிப்படுகின்றன, ஒவ்வொரு செல்லின் சுவரிலும் ஒரு துளை விழுந்து விந்தணு வெளியே வருகிறது. ஊகோனியத்தின் உச்சியில் இருக்கும் மகுடச் செல்களுக்குக் கீழே சுருள் செல்கள் சற்று விலகி ஐந்து கீற்றுகள் உண்டாகும். அந்தக் கீற்று வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

கேராவை மட்டும் பார்த்தால் விந்தணு ஆவதா, முட்டை ஆவதா என்ற முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பது தெரியாது. அதற்கு வால்வாக்ஸிடம் போக வேண்டும். பல செல்கள் உருண்டையாகக் கூடி வாழும் பாசி அது; கேராவுக்கு நெருங்கிய உறவு அல்ல. பசும்பாசிகளின் வேறொரு கிளை. உலகமெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கப்படும் வால்வாக்ஸ் வகையின் முழுப்பெயர் வால்வாக்ஸ் கார்ட்டெரி ஃபார்மா நாகரியென்சிஸ். அதற்குப் பெயரிட்டவர் சென்னையில் பாசியியலை வளர்த்தெடுத்த எம்.ஓ.பி. ஐயங்கார். தென்னிந்தியாவின் இவ்வகைப் பாசிகளைப் பற்றி 1933ல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. திருத்தணியைத் தாண்டி வடக்கே போனால் வரும் நகரிதான் அந்தப் பெயரில் இருப்பது. ஆய்வகங்கள் வளர்க்கும் கிளைவகைகள் பிற்பாடு ஜப்பானில் சேகரிக்கப்பட்டவை என்றாலும் பெயர் நகரியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

இந்த வால்வாக்ஸில் ஆண் உருண்டையும் பெண் உருண்டையும் தனித்தனி. பாலினப் பெருக்கம் தொடங்க ஒரு கிளைக்கோபுரதம் (சர்க்கரை இணைந்த புரதம்) சமிக்ஞையாக வேலைசெய்கிறது. உயிரியலில் நமக்குத் தெரிந்த மிக வீரியமான சமிக்ஞைகளில் ஒன்று அது. நீர் கடுமையாகச் சூடானால் உடல் செல்களே அதைச் சுரக்கின்றன. வற்றப்போகும் குளத்தில் தாங்கும் கருமுட்டைகளை விட்டுச்செல்ல இதைவிடப் பொருத்தமான தூண்டுதல் கிடையாது. சமிக்ஞை பெற்ற ஆண் உருண்டையில், செல்களில் பாதி விந்தணு தரும் செல்களாகின்றன. ஒவ்வொன்றும் பல முறை பிரிந்து 64 அல்லது 128 விந்தணுக்கள் கொண்ட ஒரு பொதியைத் தருகிறது. பொதி பொதியாகவே நீந்திப் போய்ப் பெண் உருண்டையைச் சேர்ந்தபிறகுதான் அவை பிரிகின்றன.

பெரிய செய்தி 2014ல் வந்தது. மிட் என்ற ஒரு மரபணு ஆண் வால்வாக்ஸில் உண்டு, பெண்ணில் இல்லை. ஜேம்ஸ் யூமனின் குழு அந்த ஒரே மரபணுவைப் பெண்ணில் இயங்கவைத்தபோது, முட்டை உருவாக வேண்டிய செல்கள் பிரிந்து விந்தணுப் பொதிகளாயின. ஆணில் அதை அடக்கியபோது விந்தணுவுக்குப் பதில் முட்டைகள் உருவாயின, அவை கருவுறவும் செய்தன. ஆண், பெண் என்ற வேறுபாடே இல்லாத, ஒரே அளவு கேமீட்டுகள் (இனச்செல்கள்) கொண்ட கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பாசியிலும் இதே மரபணு இருக்கிறது. அங்கே அது இரண்டு இணைவகைகளில் ஒன்றைத் தீர்மானிக்கிறது. கேமீட்டுகளின் அளவில் வேறுபாடு வருவதற்கு முன்பே இருந்த ஒரு பழைய மரபணுவை வைத்துக்கொண்டுதான் வால்வாக்ஸ் பரம்பரை விந்தணுவை உருவாக்கியிருக்கிறது.

கேராவுக்கும் நிலத்தாவரங்களுக்கும் உள்ள உறவிலும் ஓர் எதிர்பாராத திருப்பம் உண்டு. மாஸ்களின் விந்தணுவும் சுருண்ட உடல், இரண்டு கசையிழை, நுண்குழல் பட்டை என்று கேராவுடையதை அப்படியே ஒத்திருக்கிறது. அதனால் கேராதான் நிலத்தாவரங்களுக்கு மிக நெருங்கிய பாசி என்று நீண்டகாலம் பலர் கருதினார்கள். மரபணு ஒப்பீடுகள் வேறு பதில் சொல்கின்றன. மிக நெருங்கியவை ஸ்பைரோகைரா சேர்ந்த குழு. அவற்றில் கசையிழை உள்ள செல்லே கிடையாது, இணைவுக்குழாய் வழியாக உள்ளடக்கம் ஊர்ந்து போகிறது. ஆக, நெருங்கிய உறவு நீந்தும் விந்தணுவைக் கைவிட்டுவிட்டது; சற்றுத் தூரத்து உறவான கேரா அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. மாஸிலும் பெரணியிலும் தொடர்ந்து, சைகஸிலும் ஜிங்கோவிலும் மகரந்தக்குழலிலிருந்து வெளிவந்து நீந்தி, பூக்கும் தாவரங்களில் முற்றிலும் கைவிடப்பட்ட அந்த விந்தணுவின் பழைய வடிவத்தைப் பார்க்க நமக்கு இருக்கும் நல்ல இடம் கேராவின் ஆந்திரிடியம். 2018ல் கேரா பிரௌனி இனத்தின் ஜீனோம் (முழு மரபணுத் தொகுதி) வெளியான பிறகு, போலந்து ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் கண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் எந்த மரபணு இருக்கிறது என்று தேடும் வழியும் திறந்திருக்கிறது. அந்த வேலையில் நம் மாணவர்களும் இறங்க வேண்டும் என்பது என் ஆசை.

பார்க்க விரும்புகிறவர்கள் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நீர் தெளிந்த பிறகு ஏரியோரத்தில் தேடுங்கள். கலங்கலான, சாக்கடை கலந்த நீரில் கேரா நிற்காது. ஒரு கொத்தில் இரண்டு மூன்று தண்டு போதும், வேரோடு அள்ள வேண்டாம். சுண்ணாம்புப் படிவு தொந்தரவு செய்தால் கொஞ்சம் வினிகரில் போட்டு, குமிழி அடங்கியதும் நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். உயிருள்ள விந்தணுவைப் பார்க்க வினிகரும் சாயமும் கூடாது. நன்றாகச் சிவந்த ஓர் உருண்டையைக் குளத்து நீரிலேயே வைத்து உடைக்க வேண்டும். வளர்ச்சிக் கட்டங்களைப் பார்க்க வெவ்வேறு செடிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. இளம் ஆந்திரிடியங்கள் தண்டின் நுனியில் இருக்கும், கீழே போகப்போக முற்றியவை. நுனியில் தொடங்கி ஒவ்வொரு கணுவாக இறங்கி வந்தால் 8 செல் இழை, 32 செல் இழை, சில்லாகத் தட்டையான 64 செல் இழை, சுவருக்குள் சுருண்டுகொண்டிருக்கும் விந்தணு என்று எல்லாம் ஒரே தண்டில் கிடைத்துவிடும்.